நம்பர் பிளேட்டில் எழுதிய நூறு

கேள்வி இது: "டஸ்டின் பிரௌன் என்ற ஜெர்மன் டென்னிஸ் வீரர் ரஃபேல் நடாலோடு ஆடிய இரண்டு ஆட்டங்களிலும் வென்றிருக்கிறார். ஆனால் தரவரிசையில் 64க்கு மேல் ஏறவே இல்லை. ஏடிபி ஒற்றையர் பட்டம் ஒன்றுகூட வாங்கவில்லை. அப்படியானால் அந்த இரண்டு வெற்றிகளும் அதிர்ஷ்டம்தானே? இப்படிப்பட்ட வீரர்கள் எதை நம்பி இத்தனை வருடம் ஆடுகிறார்கள்?"

அதிர்ஷ்டம் இல்லை என்பது என் பதில். ஏன் என்று சொல்லுமுன் கேள்வியின் பின்பாதிக்குப் போக வேண்டும். எதை நம்பி ஆடினார் என்று புரிந்தால்தான் நடால் அன்று எதிர்கொண்டது யாரை என்று விளங்கும்.

64 சின்ன விஷயமாகத் தோன்றுவதற்குக் காரணம், நாம் டிவியில் பார்ப்பது முதல் இருபது முப்பது பேரைத்தான். ஆண்கள் தொழில்முறை டென்னிஸை நடத்தும் ஏடிபி அமைப்பின் பட்டியலில் புள்ளி வைத்திருப்பவர்கள் ஏறத்தாழ 2,000 பேர். அவர்களில் பெரும்பாலோருக்கு டென்னிஸ் சம்பாதித்துக் கொடுப்பதில்லை, செலவு வைக்கிறது. பிரௌன் அந்தக் கூட்டத்தின் நடுவிலிருந்து கிளம்பியவர். சிறு வயதிலேயே நட்சத்திரம் என்று யாரும் தூக்கி வைத்துக் கொண்டாடிய பையன் அல்ல.

1984 டிசம்பர் 8 அன்று பிறந்தார். ஊர் செல்லே, ஹனோவருக்கு வடகிழக்கே, லோயர் சாக்சனி மாநிலத்தில் மரச்சட்ட வீடுகள் வரிசையாக நிற்கும் பழைய நகரம். அம்மா ஜெர்மானியர், அப்பா ஜமைக்காக்காரர். பையனுக்குப் பதினொரு பன்னிரண்டு வயது இருக்கும்போது, 1996இல், குடும்பம் ஜமைக்காவின் வடகரையில் இருக்கும் மாண்டிகோ பேவுக்குக் குடிபெயர்ந்தது. தொழில்முறை ஆட்டக்காரராக மாறியது 2002இல், அங்கிருந்துதான்.

ஜமைக்காவில் இருந்துகொண்டு டென்னிஸ் புள்ளி சேர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். உலகத் தரவரிசைக்கான முதல் புள்ளி கிடைப்பது ஃபியூச்சர்ஸ் என்று அப்போது அழைக்கப்பட்ட அடிமட்டப் போட்டிகளில். அவை வாரா வாரம் நடப்பது ஐரோப்பாவில். ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின், பிரான்ஸ், நெதர்லாந்து என்று ஒன்று முடிந்தால் அடுத்தது, காரில் போய்விடும் தூரத்தில் இருக்கும். கரீபியத் தீவிலிருந்து ஒவ்வொன்றுக்கும் விமானம் ஏறினால், டிக்கெட் காசைக்கூட அந்தப் போட்டி திருப்பித் தராது.

அதனால் 2004இல் ஜெர்மனிக்குத் திரும்பினார்கள். அம்மா அப்பா அவருக்கு ஒரு ஃபோக்ஸ்வாகன் கேம்பர் வேன் வாங்கிக் கொடுத்தார்கள். உள்ளேயே படுக்கை, சமைக்க ஓர் அடுப்பு, அவ்வளவுதான் வீடு. ஏறத்தாழ மூன்று வருடம் அந்த வண்டியிலேயே ஐரோப்பாவைச் சுற்றினார். போட்டி நடக்கும் கிளப்பின் பார்க்கிங்கில் வண்டியை நிறுத்துவார், ஆடுவார், தோற்ற அன்றே அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்.

அந்த வண்டியின் நம்பர் பிளேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிஇ – டிஐ – 100. முதல் இரண்டு எழுத்து செல்லே நகரத்துடையது. ஜெர்மனியில் வண்டி எண் ஊரின் எழுத்தில்தான் தொடங்கும். அடுத்த இரண்டு, அவர் பெயரின் முதலெழுத்தும் அம்மா பெயரின் முதலெழுத்தும். கடைசியில் இருந்த 100, உலகத் தரவரிசையில் அவர் எட்ட நினைத்த இடம்.

அந்த நூறு எங்கிருந்து வந்தது? முழு எண்ணாக இருக்கிறது, பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காக எழுதியது இல்லை. கிராண்ட் ஸ்லாம் என்று சொல்லும் நான்கு பெரிய போட்டிகள் ஒவ்வொன்றிலும் ஒற்றையரில் 128 பேர் ஆடுகிறார்கள். அதில் 104 இடம் தரவரிசைப்படி நேரடியாகப் போகிறது. 16 பேர் தகுதிச் சுற்று ஆடி வருகிறார்கள். 8 பேருக்கு வைல்டு கார்டு, அதாவது போட்டியை நடத்துபவர்கள் தாங்களாகத் தேர்ந்து கொடுக்கும் இடம். ஆக உலகில் நூறாவது இடத்துக்கு உள்ளே இருந்தால், வருடத்துக்கு நான்கு முறை கிராண்ட் ஸ்லாம் பிரதான சுற்று நிச்சயம். முதல் சுற்றிலேயே தோற்றாலும் ஒரு தொகை கையில் வரும். 2015 விம்பிள்டனில் அந்தத் தொகை 29,000 பவுண்டு. நூற்றுப் பத்தில் இருப்பவருக்கும் தொண்ணூற்றெட்டில் இருப்பவருக்கும் ஆட்டத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. வருமானத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஒருவர் பயிற்சியாளருக்குச் சம்பளம் கொடுக்க முடியும். மற்றவர் தனியாகப் பயணம் போவார்.

இப்போது கீழ்ப்பக்கத்தைப் பாருங்கள். பிரௌன் வேனில் சுற்றிய காலத்தில் மிகச் சிறிய ஃபியூச்சர்ஸ் போட்டியின் மொத்தப் பரிசு 10,000 டாலர். 32 பேர் ஆடும் பிரதான சுற்றில் முதல் ஆட்டத்தில் தோற்றவருக்கு 117 டாலர் 50 சென்ட். வரி பிடித்தது போகத்தான் அது கைக்கு வரும். அந்தச் சுற்றுக்குள் நுழையவே தகுதிச் சுற்று ஆட வேண்டியிருந்தால், அங்கே தோற்றவருக்கு ஒன்றும் கிடையாது. ஓர் ஆட்டம் வென்றால் 1 புள்ளி. கோப்பையையே வென்றால் 12 புள்ளி. அதே காலத்தில் விம்பிள்டன் சாம்பியனுக்கு 1,000 புள்ளி. ஏணியின் கீழ்ப்படிகள் எவ்வளவு நெருக்கம், எவ்வளவு உயரம் ஏற வேண்டும் என்று இந்த எண்களே சொல்லும்.

வேனுக்குள் ராக்கெட்டுக்கு நரம்பு கட்டும் இயந்திரம் ஒன்று வைத்திருந்தார். தொழில்முறை ஆட்டக்காரர்கள் நரம்பு அறும்வரை காத்திருப்பதில்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் புதிதாகக் கட்டிக்கொண்டுதான் இறங்குவார்கள். போட்டி நடக்கும் இடத்தில் அதற்குத் தனிக் கூலி. பிரௌன் தன் ராக்கெட்டுகளைத் தானே கட்டிக்கொண்டார், கூடவே சக வீரர்களுக்கும் குறைந்த கூலியில் கட்டிக் கொடுத்தார். காலையில் எந்த ஆளோடு மோதப் போகிறாரோ அந்த ஆளின் ராக்கெட்டைக்கூட முந்தைய இரவு வேனில் உட்கார்ந்து கட்டியிருக்கக் கூடிய நிலைமை. டென்னிஸ் என்றாலே பணக்கார விளையாட்டு என்று சொல்பவர்களிடம் நான் முதலில் காட்ட விரும்புவது இந்த இயந்திரத்தைத்தான்.

ஜெர்மனிக்கு வந்ததில் இன்னொரு பலம் இருக்கிறது. பிரௌனைத் தாண்டி எல்லா ஜெர்மன் நடுத்தர வீரர்களுக்கும் பொருந்துவது இது. அங்கே டென்னிஸ் ஊர் ஊராகக் கிளப்புகளில் வேரூன்றி இருக்கிறது. ஜெர்மன் டென்னிஸ் சம்மேளனத்தின் கிளப்புகளில் 14 லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள். 1985இல் பதினேழு வயது போரிஸ் பெக்கர் விம்பிள்டன் வென்றதும் ஸ்டெஃபி கிராஃபின் காலமும் கொண்டுவந்த கூட்டம் பிறகு குறைந்தது உண்மைதான், ஆனால் கிளப்புகள் நின்றுவிடவில்லை. அந்தக் கிளப்புகளுக்கிடையே லீக் நடக்கிறது. உச்சியில் புண்டஸ்லிகா. கால்பந்துக்கு மட்டும்தான் அந்தப் பெயர் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம், டென்னிஸுக்கும் உண்டு. ஆண்கள் முதல் பிரிவு கோடையில், ஜூலை ஆகஸ்டில் நடக்கும். நான்கு ஒற்றையர், இரண்டு இரட்டையர் என்று கிளப்புக்குக் கிளப் மோதும்.

கிளப் தன் வீரருக்கு ஆடும் நாளுக்கு இவ்வளவு என்று பேசிப் பணம் கொடுக்கும். தோற்றாலும் கொடுக்கும். தரவரிசையில் 150, 200, 300 என்று இருக்கும் ஒருவருக்கு வருடத்தில் உறுதியாக வரும் வருமானம் பல சமயம் இது ஒன்றுதான். அதனால் ஸ்பெயின், இத்தாலி, செக், அர்ஜென்டினா வீரர்களும் அந்த வாரங்களில் ஜெர்மனிக்கு வந்து ஏதோ ஒரு கிளப்புக்கு ஆடுவார்கள். இந்த லீக்கில் உலகத் தரவரிசைப் புள்ளி கிடையாது. டிவியில் நாம் இதைப் பார்ப்பதும் இல்லை. ஆனால் அடுத்த ஆறு மாதப் பயணச் செலவு இங்கிருந்து வருகிறது. நூறுக்கு வெளியே இருக்கும் ஜெர்மன் வீரர்களின் கதையை இந்தக் கிளப்புகளை விட்டுவிட்டு எழுதினால் பாதிக் கதைதான்.

பிரௌன் கதைக்கு வருகிறேன். ஃபியூச்சர்ஸுக்கு அடுத்த படி சேலஞ்சர். அவருடைய முதல் சேலஞ்சர் பட்டம் 2009இல் உஸ்பெகிஸ்தானின் சமர்கண்டில் வந்தது. அப்போது வயது 24. பதினெட்டில் வென்றவர்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தாமதம். 2010இல் விம்பிள்டனில் முதன்முதலாக கிராண்ட் ஸ்லாம் பிரதான சுற்று ஆடி, முதல் ஆட்டத்தில் யூர்கன் மெல்ட்சரிடம் தோற்றார். அதே வருடம் அமெரிக்க ஓபனில் ஓர் ஆட்டம் வென்று, இரண்டாம் சுற்றில் ஆண்டி மர்ரியிடம் வீழ்ந்தார். பிரான்சின் மெட்ஸில் ரோஜியர் வாசனோடு சேர்ந்து இரட்டையர் பட்டம். 2012இல் காசபிளாங்காவில் பால் ஹேன்லியோடு இன்னொன்று. ஏடிபி சுற்றில் அவர் வாங்கிய பட்டங்கள் இந்த இரண்டு இரட்டையர் பட்டங்கள்தான்.

2010இன் இன்னொரு நிகழ்வு நாட்டு மாற்றம். அதுவரை ஜமைக்கா கொடியோடு ஆடியவர், நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பையையும் ஜமைக்காவுக்காக ஆடியவர், அந்த வருடக் கடைசியில் ஜெர்மனிக்கு மாறினார். ஜமைக்கா சம்மேளனத்திடமிருந்து போதிய ஆதரவு இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். பாட்டி வழியில் பிரிட்டனுக்கு ஆடுவார் என்ற பேச்சும் கொஞ்ச நாள் ஓடியது. இதைத் துரோகம் போலப் பேசியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வயிற்றில் டென்னிஸ் பிரௌன் என்ற ஜமைக்க ரெக்கே பாடகரின் முகத்தைப் பச்சை குத்திக்கொண்டு, இடுப்புவரை சடை வளர்த்த ஒருவர் பாஸ்போர்ட்டை மாற்றியதால் ஜமைக்காவை விட்டுவிட்டார் என்று யாராலும் சொல்ல முடியாது. பிறந்த ஊரும் செல்லேதானே. 2015 செப்டம்பரில் டொமினிகன் குடியரசுக்கு எதிராக ஜெர்மனியின் டேவிஸ் கோப்பை அணியில் முதன்முறை இடம்பெற்றார். முப்பதை எட்டிய பிறகு.

2011, 2012 இரண்டும் சறுக்கல். 2013 விம்பிள்டனுக்கு வரும்போது தரவரிசை 189. தகுதிச் சுற்று ஆடியாக வேண்டும். விம்பிள்டன் தகுதிச் சுற்று விம்பிள்டனில் நடப்பதில்லை. சில மைல் தள்ளி ரோஹாம்ப்டனில் ஒரு விளையாட்டு மைதானத்தில் நடந்தது. ஒரே புல்வெளியில் கோடு போட்டுப் பக்கம் பக்கமாக கோர்ட்டுகள். மூன்று ஆட்டங்களையும் வென்றால்தான் உள்ளே. மூன்றாவது ஆட்டம் ஐந்து செட். பிரௌன் அதைக் கடந்து, முதல் சுற்றில் கார்சியா லோபஸை வென்று, இரண்டாம் சுற்றில் லெய்டன் ஹூயிட்டை நான்கு செட்டில் வீழ்த்தினார். 2002 விம்பிள்டன் சாம்பியன் ஹூயிட். ஆட்டம் முடிந்து அழுதுவிட்டதாக பிரௌனே சொன்னார். மூன்றாம் சுற்றில் அட்ரியன் மனரினோவிடம் தோற்றார்.

அந்த ஓட்டம் அவருக்குக் கொடுத்தது 115 புள்ளி: மூன்றாம் சுற்றுக்கு 90, தகுதிச் சுற்றைக் கடந்ததற்கு 25. ஆனால் டென்னிஸ் புள்ளிகள் வங்கியில் போட்ட பணம் மாதிரி கிடக்காது. சரியாக 52 வாரம். அடுத்த வருடம் அதே வாரம் வரும்போது பழைய புள்ளி கழிந்துவிடும், புதிதாகச் சம்பாதித்ததுதான் நிற்கும். மேலே இருப்பவர்களுக்கு ஒரு போட்டியில் கழிவதை இன்னொரு போட்டி ஈடுகட்டும். நடுவில் இருப்பவர்களுக்கு வருடத்தின் பாதிப் புள்ளி இரண்டு மூன்று நல்ல வாரங்களில் குவிந்திருக்கும். அந்த வாரத்தில் காய்ச்சல் வந்தாலோ, குலுக்கலில் பலமான ஆள் எதிரே வந்தாலோ கதை முடிந்தது. நூறைச் சுற்றி இருப்பவர்கள் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதற்கு முக்கியக் காரணம் இந்தக் கணக்கு. திறமை வாரா வாரம் மாறுகிறது என்று அர்த்தமில்லை.

இனி ஹாலே. 2014 ஜூன். ஜெர்மனியின் புல்தரைப் போட்டி. நடால் உலகின் முதல் இடத்தில் இருந்தார். ஜூன் 8 ஞாயிறன்று பாரிஸில் ஒன்பதாவது பிரெஞ்சு ஓபனை வென்றுவிட்டு, அந்த வியாழக்கிழமையே ஹாலேயில் புல்லில் இறங்கினார். எதிரே 85ஆம் இடத்தில் இருந்த பிரௌன். 6–4, 6–1. மொத்தம் 59 நிமிடம்.

நடால் களைத்திருந்தார், களிமண்ணிலிருந்து புல்லுக்கு மாற நேரம் இல்லை என்று அப்போது சொன்னார்கள். அதில் உண்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதே போட்டியின் காலிறுதியையும் பார்க்க வேண்டும். நடாலை வென்ற மறுநாளே ஆள் சோர்ந்து போயிருந்தால் அதிர்ஷ்டம் என்று ஒப்புக்கொள்ளலாம். பிரௌன் அங்கே பிலிப் கோல்ஷ்ரைபரைச் சந்தித்தார். ஹாலேயை முன்பே வென்றவர், ஜெர்மனியின் நிலையான வீரர். முதல் செட் பிரௌனுக்கு, இரண்டாவது கோல்ஷ்ரைபருக்கு, மூன்றாவது, செட் சமமாக நின்றால் முடிவுகட்ட ஆடும் டை-பிரேக்குக்குப் போனது. 18–16. அதாவது 6–6க்குப் பிறகு யார் ஒரு புள்ளி முந்தினாலும் அது மேட்ச் பாயின்ட், இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் ஆட்டம் அவருக்கு. முந்துவதும் சமமாவதும், முந்துவதும் சமமாவதும் என்று பதினாறு வரை போய்க் கடைசியில் கோல்ஷ்ரைபர் பக்கம் சாய்ந்தது. நடால் வெற்றியைவிட எனக்கு அதிகம் பிடித்த பிரௌன் ஆட்டம் இந்தத் தோல்விதான். அவர் அன்று ஆடிய தரம் ஒரு நாள் கூத்து இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இரண்டு வாரம் கழித்து 2014 விம்பிள்டன். முதல் சுற்றிலேயே தோல்வி. முந்தைய வருடத்து 115 புள்ளி கழிந்தது. மேலே சொன்ன கணக்கு அவரை அப்படியே பிடித்துக்கொண்டது. 2015 விம்பிள்டனுக்கு வரும்போது தரவரிசை 102. நேரடி நுழைவுக்கான பட்டியலைப் போட்டிக்கு ஆறு வாரம் முன்பே மூடிவிடுவார்கள். அன்று எந்த எண்ணோ அதுதான் கணக்கு. ஆக, உலகின் முதல் வீரரை ஒரு மணி நேரத்துக்குள் வீழ்த்திய ஆள், அடுத்த வருடம் மறுபடியும் ரோஹாம்ப்டன் புல்வெளியில் தகுதிச் சுற்று ஆடினார். வென்றார். பிரதான சுற்றில் முதல் ஆட்டத்தில் தைவானின் லூ யென்-சுன்னை வென்றார். அடுத்தது நடால், விம்பிள்டனின் முதன்மை மைதானமான சென்டர் கோர்ட்டில். அந்த மைதானத்தில் பிரௌன் ஆடுவது அதுவே முதல் முறை.

2015 ஜூலை 2. 7–5, 3–6, 6–4, 6–4.

இதை எப்படிச் செய்தார் என்பதுதான் கேள்வியின் நெஞ்சு, கொஞ்சம் நின்று பார்ப்போம். நடாலின் ஆட்டம் தாளத்தில் நிற்பது. இடது கையால் பந்தைக் கீழிருந்து மேலாகச் சுழற்றி அடிப்பார். களிமண்ணில் அந்தப் பந்து எதிராளியின் தோள் உயரத்துக்கு எகிறும். எதிராளி பின்னால் தள்ளப்படுவார். பத்துப் பன்னிரண்டு அடி பரிமாறிக்கொண்டால் கடைசியில் இடம் திறக்கும், அங்கே முடிப்பார். இதற்கெல்லாம் முதல் தேவை, பந்து அவருக்கு ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வர வேண்டும்.

புல்லில், அதுவும் முதல் வாரத்துப் பச்சைப் புல்லில், பந்து அவ்வளவு எகிறாது, தாழ்ந்து வழுக்கும். நடால் சர்வை எடுக்க வழக்கம்போல நன்றாகப் பின்தள்ளி நின்றார். பிரௌன் அந்த இடைவெளியைத்தான் எடுத்துக்கொண்டார். சர்வ் போட்டுவிட்டு வலைக்கு ஓடினார், இரண்டாவது சர்வில்கூட. இந்தத் தலைமுறையில் இரண்டாவது சர்வுக்குப் பின்னால் வலைக்கு ஓடுகிறவர்களை விரல் விட்டு எண்ணலாம். தவறினால் பார்க்கச் சகிக்காது. நடால் தூரத்திலிருந்து திருப்பும் பந்து வலையை அடைவதற்குள் பிரௌன் அங்கே நிற்பார், மெல்லத் தொட்டு முன்னால் விழ வைப்பார். நடால் சர்வ் போடும்போது ஒரு பந்தை முழு பலத்தோடு நேராக அறைவார், அடுத்ததை வெட்டிக் குட்டையாக விடுவார். ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் சம்பந்தமே இருக்காது. நீண்ட அடிபரிமாற்றம் தொடங்கவே விடவில்லை. நடாலுக்குத் தாளம் கிடைக்கவில்லை.

இந்த ஆட்டத்துக்கு ஒரு விலை உண்டு. இப்படி ஆடுபவர் சாதாரண நாளில் சாதாரண ஆளிடமும் தோற்பார். சர்வ் பத்து சதவீதம் குறைந்தால், தொடுகை கொஞ்சம் கனத்துவிட்டால், எல்லாம் வலையில் போய் விழும். பாதுகாப்பாகப் பின்னால் நின்று பந்தைத் திருப்பிக்கொண்டே இருப்பவர்கள்தான் வருடம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகப் புள்ளி சேர்ப்பார்கள். தரவரிசை அவர்களுக்குச் சாதகம். பிரௌன் வேறு மாதிரி ஆடியிருந்தால் ஐம்பதுக்குள் வந்திருக்கலாமோ என்னவோ. ஆனால் அப்படி ஆடும் ஒருவரை நடால் அன்று மூன்று நேர் செட்டில் அனுப்பி வைத்திருப்பார் என்றே நினைக்கிறேன். 64 என்ற எண்ணும் அந்த இரண்டு வெற்றியும் ஒரே ஆட்டமுறையின் விளைவுகள்.

நடாலின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2012இலிருந்து 2015 வரை நான்கு வருடம் விம்பிள்டனில் அவரை வெளியேற்றியவர்கள் லூகாஸ் ரோசோல், ஸ்டீவ் டார்சிஸ், நிக் கிர்கியோஸ், டஸ்டின் பிரௌன். நால்வரும் அந்த வாரம் நூறாவது இடத்திலோ அதற்கு வெளியிலோ இருந்தவர்கள்: 100, 135, 144, 102. நான்கு முறை தொடர்ந்து நடப்பதை அதிர்ஷ்டம் என்று சொல்வதற்கு எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காலத்தில் நடாலின் ஆட்டத்தில், அந்தத் தரையில், ஒரு வாசல் திறந்திருந்தது. அதன் வழியே போக நெஞ்சில் துணிவும் கையில் வித்தையும் உள்ள நால்வர் போனார்கள். பட்டியலில் அவர்கள் நூறிலும் அதற்கு வெளியிலும் இருந்தார்கள் என்பது, நூறுக்கு வெளியே எப்படிப்பட்ட ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள் என்பதைத்தான் காட்டுகிறது.

மூன்றாம் சுற்றில் விக்டர் டிராய்ட்ஸ்கியிடம் பிரௌன் தோற்றார். பரிசுத்தொகை 77,000 பவுண்டு. 117 டாலர் 50 சென்ட்டில் தொடங்கியவர்.

2016 பற்றிப் பேசுபவர்கள் குறைவு. என் பார்வையில் அவருடைய மிகக் கனமான வருடம் அதுதான். விம்பிள்டன் இரண்டாம் சுற்றில் கிர்கியோஸோடு ஐந்து செட் ஆடித் தோற்றார். இருவரும் வலைக்கு நடுவே வித்தை காட்டிக்கொண்ட ஆட்டம் அது. ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக்ஸ். எதிரே உள்ளூர் வீரர் தோமாஸ் பெலூச்சி, அரங்கம் முழுக்க பிரேசில் கூட்டம். பிரௌன் முதல் செட்டை 6–4 என்று எடுத்து, இரண்டாவதில் 4–4 இருக்கும்போது கணுக்கால் மடங்கிக் கீழே விழுந்தார். எழுந்து ஆட முயன்று பார்த்தார். முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். முப்பத்தொரு வயதில், வேனிலிருந்து புறப்பட்டு ஒலிம்பிக்ஸ் வரை வந்தவருக்கு அந்த ஒரு செட்டோடு முடிந்துபோனது. அதைப் பார்த்தபோது எனக்கும் தொண்டை அடைத்தது.

இரண்டு மாதம் கழித்து, அக்டோபர் 10 அன்று வெளியான பட்டியலில் 64. அவர் தொட்ட உச்சம்.

2017 விம்பிள்டனில் முதல் சுற்றில் ஜோவ் சூசாவை வென்று, இரண்டாம் சுற்றில் அப்போதைய சாம்பியனும் முதல் இடக்காரருமான மர்ரியிடம் சென்டர் கோர்ட்டில் தோற்றார். பிறகு தரவரிசை இறங்கத் தொடங்கியது. மறுபடி சேலஞ்சர், மறுபடி தகுதிச் சுற்று. முப்பது தாண்டியவருக்குக் காயம் ஆற எடுக்கும் நேரமும் கூடும், அந்த நேரத்தில் 52 வாரக் கடிகாரம் நிற்காது.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2024இல் ஏடிபி ஒரு குறைந்தபட்ச வருமான உத்தரவாதம் கொண்டுவந்தது: அந்த வருடம் முதல் 100 பேருக்கு 3 லட்சம் டாலர், 101 முதல் 175 வரை ஒன்றரை லட்சம், 176 முதல் 250 வரை 75,000. பரிசுத்தொகை அதைவிடக் குறைந்தால் மீதியை அமைப்பு நிரப்பும். 2013இல் 189ஆம் இடத்தில் இருந்த பிரௌனுக்கு அப்படி ஒன்று இருந்திருந்தால் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் 250க்குக் கீழே இன்றைக்கும் ஒன்றும் இல்லை. இன்றைய அடிமட்டப் போட்டியில், மொத்தப் பரிசு 15,000 டாலராக ஏறிய பிறகு, முதல் சுற்றில் தோற்றவருக்கு வந்தது 156 டாலர். வேனில் தூங்கிய ஒருவரின் காலத்துக்கும் அதற்கும் இடையே முப்பத்தெட்டு டாலர் ஐம்பது சென்ட்தான் வித்தியாசம்.

கடைசியாக, அதிர்ஷ்டம் என்று இன்னமும் நினைத்தால் 2019 ஜூன், ஸ்டுட்கார்ட் புல்தரைப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நடாலும் இல்லை, விம்பிள்டனும் இல்லை. பிரௌனுக்கு வயது 34, தரவரிசையில் 150க்கும் வெளியே. இரண்டாம் சுற்றில் போட்டியின் முதல் நிலை வீரர் அலெக்சாண்டர் ஸ்வெரெவ், அப்போது உலகின் ஐந்தாம் இடம், ஜெர்மனியின் செல்லப்பிள்ளை. மூன்று செட்டில் பிரௌன் வென்றார், அதே சர்வ், அதே வலைநோக்கிய ஓட்டம், அதே தொடுகை. காலிறுதியில் பதினெட்டு வயது ஃபெலிக்ஸ் ஓஜே-அலியாசிம். மூன்று செட்டும் டை-பிரேக். பிரௌன் கையில் இரண்டு மேட்ச் பாயின்ட் இருந்தன, இரண்டும் நழுவின. ஐந்து வருடத்துக்கு முன் ஹாலேயில் நடந்தது போலவே, மூன்றாவது செட் டை-பிரேக் எதிர்ப்பக்கம் போனது.